சாயப்பட்டறைக்கு எந்த வரிசை தெரியலாம்?

(சிறுதொழில் நடத்துவோரும் கணினி மாணவர்களும் கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இன்று பேச எடுத்துக்கொண்ட விஷயம் கேட்பதற்குச் சின்னது. கம்பெனிக்குள் ஒரு டேபிள் இருக்கிறது. கூகுள் ஷீட்ஸாக இருக்கலாம், ஏர்டேபிளாக இருக்கலாம். கொஞ்சம் பெரிய இடமென்றால் பிக்குவரி, ஸ்னோஃப்ளேக் என்று போகலாம். எதுவானாலும் அது நம் அறையில் இல்லை, கிளவுடில் இருக்கிறது. கம்பெனிக்கு வெளியே உள்ள ஒருவருக்கு அதில் ஒரு பகுதியை மட்டும் காட்ட வேண்டும். முடிந்தால் அவரே அதில் இரண்டு கட்டங்களை நிரப்ப வேண்டும். இவ்வளவுதான் தேவை. மேலே மூலையில் 'ஷேர்' என்று பொத்தானும் இருக்கிறது. அழுத்தினால் வேலை முடிந்தது என்று நினைப்போம். அங்கேதான் வேலை ஆரம்பிக்கிறது.

நான் சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாம் ஒருவரை நம்பும்போது முழுதாக நம்புவதில்லை. இன்ன விஷயத்தில், இவ்வளவு தூரம், இத்தனை நாளைக்கு என்று அளந்துதான் நம்புகிறோம். நாம் அன்றாடம் புழங்கும் கிளவுட் டேபிள்களோ ஃபைலையே கொடு, இல்லாவிட்டால் ஒன்றும் கொடுக்காதே என்கின்றன. நம் நம்பிக்கையின் அளவு சின்னது, அவை பகிரும் அளவு பெரியது. நாம் படும் எரிச்சல் முழுவதும் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருக்கிறது.

பொதுவாகப் பேசினால் பிடிபடாது. திருப்பூரை எடுத்துக்கொள்வோம். ஒரு ஏற்றுமதி நிறுவனம் வெளிநாட்டுப் பையரிடம் ஆர்டர் வாங்குகிறது. நூலிலிருந்து பெட்டி கட்டுவது வரை எல்லாவற்றையும் தன் கூரைக்குள்ளேயே செய்துகொள்ளும் நிறுவனங்கள் உண்டு. ஆனால் அந்த ஊரின் தொழில் ஓடுவது ஜாப் ஒர்க்கில். நூல் ஒரு நிட்டிங் யூனிட்டுக்குப் போகும். துணி சாயப்பட்டறைக்குப் போகும், அங்கிருந்து, துணி பின்னால் சுருங்காதபடி அழுத்தும் காம்பாக்டிங்குக்கு. வெட்டிய பீஸ் பிரிண்டிங்குக்கோ எம்பிராய்டரிக்கோ போகும். தையலையும் வெளியே கொடுப்பார்கள். ஒவ்வொரு படியிலும் டி.சி. (டெலிவரி சலான்) போட்டுச் சரக்கு வெளியே போகிறது, இன்னொரு டி.சி.யோடு திரும்புகிறது. இந்தப் போக்குவரத்து முழுவதையும் ஆர்டரைக் கவனிக்கும் மெர்ச்சண்டைசர் ஒரு டேபிளில் வைத்திருக்கிறார்.

அந்த டேபிளைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். ஸ்டைல் எண், பையர் பெயர், துணி, ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்), நிறம், லாட் எண், எந்தச் சாயப்பட்டறை, அனுப்பிய கிலோ, திரும்பி வந்த கிலோ, பிராசஸ் லாஸ், கிலோவுக்கு ரேட், ஷிப்மெண்ட் தேதி. ஒரு வரிசையில் நேவி புளூ, 180 ஜி.எஸ்.எம்., 420 கிலோ என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்த வரிசையில் அதே நேவி புளூ, வேறொரு பட்டறை, வேறொரு ரேட். இப்படி மூன்று சாயப்பட்டறைகளுக்குத் துணி போகிறது.

முதல் பட்டறைக்காரருக்கு என்ன தெரிய வேண்டும்? தன் லாட் மட்டும் தெரிய வேண்டும். பக்கத்துப் பட்டறைக்கு என்ன ரேட் கொடுக்கிறார்கள் என்பது தெரியக் கூடாது. தெரிந்தால் நாளைக் காலையில் ஆபீஸ் வாசலில் வந்து நிற்பார். பையர் பெயரும் தெரிய வேண்டாம் என்று பல நிறுவனங்கள் நினைக்கும். லேப் டிப் (சாய மாதிரி) ஓகே ஆன தேதி, துணி மெஷினில் ஏறிய தேதி, அனுப்பப்போகும் தேதி ஆகியவற்றை அவரே நிரப்ப வேண்டும். எடையில் மட்டும் கை வைக்கக் கூடாது. ஆர்டர் முடிந்ததும் இந்த அனுமதி தானாக முடிந்துவிட வேண்டும்.

இது ஒன்றும் பேராசை இல்லையே? அந்தக் காலத்து நோட்டுப் புத்தகத்தில் மேஸ்திரி இதை அனாயாசமாகச் செய்தார். அவரவர் பக்கத்தை மட்டும் திருப்பிக் காட்டினார். சரி, கிளவுடில் என்ன நடக்கிறது என்று பார்ப்போம்.

முதல் வழி, பட்டறைக்காரரை டேபிளுக்குள்ளேயே அழைப்பது. ஏர்டேபிளில் பல டேபிள்களைச் சேர்த்து ஒரு 'பேஸ்' என்பார்கள். ஒருவரை பேஸுக்குள் அழைத்தால் அதில் உள்ள எல்லா டேபிளும் அவர் கண்ணில் படும். எதைத் திருத்தலாம் என்பதைக் கட்டுப்படுத்தலாம். எதைப் பார்க்கலாம் என்பதை அப்படிக் கட்டுப்படுத்த முடியாது. கூகுள் ஷீட்ஸில் பகிரும் அளவு முழு ஃபைல். ஷீட்டை மறைத்து வைக்கலாம், பத்தியை மறைத்து வைக்கலாம், திருத்த முடியாதபடி பாதுகாப்பும் போடலாம். இவையெல்லாம் திரை போட்ட மாதிரிதான், கதவைப் பூட்டிய மாதிரி ஆகாது. பாதுகாப்புப் போட்ட ஷீட்டை ரகசியம் காக்கும் வழியாக நம்ப வேண்டாம் என்று கூகுளின் உதவிப் பக்கமே எச்சரிக்கிறது. ஒருவர் அந்த ஃபைலைத் தனக்கொரு பிரதி எடுத்துக்கொண்டால் மறைத்த பத்தியெல்லாம் அவர் கையில்.

இரண்டாவது வழி, லிங்க். பட்டறைக்கு வேண்டிய வரிசைகளை வடிகட்டி, ரேட் பத்தியை எடுத்துவிட்டு, அந்தக் காட்சியை மட்டும் லிங்க்காக அனுப்பலாம். ஏர்டேபிளில் இது நன்றாகவே வேலை செய்யும். ஆனால் பார்க்க மட்டும்தான் முடியும், தேதியை நிரப்ப முடியாது. லிங்க் என்பது ஆளுக்குக் கொடுத்த அனுமதியும் இல்லை. பட்டறைக்காரர் அதை வாட்ஸ்அப்பில் சூப்பர்வைசருக்கு அனுப்புவார், சூப்பர்வைசர் மச்சானுக்கு அனுப்புவார். யார் பார்த்தார்கள் என்று நமக்குத் தெரியாது. ஒருவரை மட்டும் நிறுத்தவும் முடியாது. லிங்கையே மாற்றினால் நல்லவருக்கும் சேர்ந்து கதவு அடைபடும்.

மூன்றாவது வழி, படிவம். பட்டறைக்காரர் ஃபார்மில் தேதி போட்டு அனுப்புகிறார். படிவம் பொதுவாகப் புதிய வரிசையைத்தான் உருவாக்கும். இருக்கிற வரிசையைத் திருத்தாது. நேற்றுப் போட்ட தேதி தப்பு என்றால் இன்னொரு படிவம், இன்னொரு வரிசை. அதே லாட் மூன்று தடவை வந்து நிற்கும். எது சரி என்று மெர்ச்சண்டைசர் போன் போட்டுக் கேட்பார். போனில் கேட்பதைத் தவிர்க்கத்தானே இந்த டேபிளையே போட்டோம்?

நான்காவது வழியில்தான் பலரும் கடைசியில் போய் நிற்கிறார்கள். ஆளுக்கொரு ஷீட். மூன்று பட்டறைக்கு மூன்று ஃபைல், தாய் ஃபைலிலிருந்து 'இம்போர்ட்ரேஞ்ச்' சூத்திரத்தில் அவரவர் வரிசையை இழுப்பது. கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. இதற்குள் ஒரு ஓட்டை இருக்கிறது, பலருக்குத் தெரியாது. தாய் ஃபைலோடு இணைக்க ஒரு தடவை அனுமதி கொடுத்துவிட்டால், அந்தப் பிள்ளை ஃபைலைத் திருத்தும் உரிமை உள்ள யாரும் சூத்திரத்தில் எல்லையை மாற்றித் தாய் ஃபைலின் எந்தப் பகுதியையும் இழுத்துவிடலாம். தேதியை நிரப்பட்டும் என்று பட்டறைக்காரருக்குத் திருத்தும் உரிமையைக் கொடுத்திருப்போம். ரேட் பத்திக்கும் அவருக்கும் நடுவே இருப்பது ஒரு சூத்திரத்தின் இரண்டு எழுத்துதான்.

எல்லாம் சரியாக அமைந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். கசிவு அப்போதும் இருக்கும். லாட் எண்ணைப் பாருங்கள். ஒருவருக்கு 101, 104, 107 என்று தெரிகிறது. நடுவில் உள்ளவை எங்கே போயின என்பதைக் கண்டுபிடிக்க யாரும் கணக்குப் படிக்க வேண்டாம். மொத்த ஆர்டர் 1,200 கிலோ என்று மேலே ஒரு கூட்டுத்தொகை இருந்தால், தன் 420 கிலோவைக் கழித்துப் போட்டியாளர்களின் பங்கை அறிந்துகொள்வார். வரிசையை மறைத்தால் போதாது, அந்த வரிசையிலிருந்து பிறந்த எண்ணையும் மறைக்க வேண்டும்.

இதுவரை கொடுப்பவர் பக்கம் பேசினோம். வாங்குபவர் பக்கம் என்ன நிலை? சாயப்பட்டறைக்காரர் ஒரு நிறுவனத்துக்கு மட்டும் வேலை செய்பவர் இல்லை. பத்துப் பேரிடம் துணி வாங்குகிறார். பத்துப் பேரும் பத்து மென்பொருளில் பத்து லாகின் கொடுத்தால் அவர் என்ன செய்வார்? ஒன்றுக்குக் கூகுள் கணக்கு வேண்டும், இன்னொன்றுக்கு மைக்ரோசாஃப்ட் கணக்கு வேண்டும், மூன்றாவது ஓ.டி.பி. அனுப்பும். எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கும், போனின் சின்னத் திரையில் பத்தி பாதி வெட்டுப்பட்டு நிற்கும். அவர் டி.சி.யைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார். மெர்ச்சண்டைசர் அதைப் பார்த்து டேபிளில் அடித்துக்கொள்வார். பகிர்ந்ததாகப் பெயர், உண்மையில் பழைய கணக்குப்பிள்ளை வேலைதான் நடக்கிறது. பட்டறைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை. அவருக்கு எந்தக் கருவி எளிதோ அதை அவர் எடுத்துக்கொள்கிறார்.

பெரிய நிறுவனங்களில் இன்னொரு தடங்கலும் உண்டு. ஷேர் பொத்தான் இருக்கும், அழுத்தினால் உங்கள் நிர்வாகி வெளியாருக்குப் பகிர்வதைத் தடுத்திருக்கிறார் என்று வரும். நிர்வாகி செய்ததில் நியாயம் இருக்கிறது. பத்தியளவில் கட்டுப்பாடு போட வழியில்லாத கருவி கையில் இருந்தால், வாசலையே மூடுவதுதான் அவருக்குத் தெரிந்த பத்திரமான வழி. வேலை நின்றுவிடாதே? ஊழியர் ஃபைலைத் தரவிறக்கித் தன் சொந்த ஜிமெயிலில் அனுப்புவார். கதவை மூடியதால் சரக்கு ஜன்னல் வழியாகப் போகிறது.

அப்புறம் காசு. ஏர்டேபிள் போன்ற பல மென்பொருள்கள் ஆள் கணக்கில் மாத வாடகை வாங்குகின்றன. பார்ப்பவருக்கு இலவசம், திருத்துபவருக்குக் காசு. காலையிலிருந்து இரவு வரை டேபிளே கதியென்று இருக்கும் ஊழியருக்கு ஒரு கட்டணம் என்றால், வாரத்துக்கு இரண்டு தேதி நிரப்பும் பட்டறைக்காரருக்கும் அதே கட்டணம். முதலாளி என்ன செய்வார்? ஒரே லாகினை வாங்கி எல்லாப் பட்டறைக்கும் கொடுத்துவிடுவார். யார் எதை மாற்றினார்கள் என்ற வரலாறு அந்த நிமிடமே செத்தது. ஒரு பட்டறையோடு உறவு முறிந்தால் பாஸ்வேர்டை எல்லோருக்கும் மாற்ற வேண்டும், அதனால் மாற்றுவதில்லை.

இனி ஒரு கேள்வி. இது தொழில்நுட்பத்தால் இன்னும் தீர்க்க முடியாத சிக்கலா? இல்லவே இல்லை. இங்கே உள்ள மாணவர்களுக்காக இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

1970 ஜூனில், ஐ.பி.எம்.மின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த எட்கர் காட் ஒரு கட்டுரை வெளியிட்டார். தரவை வரிசையும் பத்தியுமாக அடுக்கும் ரிலேஷனல் முறைக்கு அதுதான் வித்து. பலர் சேர்ந்து பயன்படுத்தும் பெரிய தரவு வங்கிகளை மனத்தில் வைத்தே அவர் அதை எழுதினார். அதே ஆய்வுக்கூடத்தில் சிஸ்டம் ஆர் என்ற சோதனைத் திட்டம் நடந்தது. அதன் தொடர்ச்சியாக 1976-இல் பட்ரிசியா கிரிஃபித்ஸும் பிராட்ஃபோர்டு வேடும் அனுமதி வழங்கும் முறை ஒன்றை எழுதினார்கள். இன்று எஸ்.கியூ.எல்.லில் 'கிராண்ட்', 'ரிவோக்' என்று படிக்கிறீர்களே, அந்த இரண்டும்தான்.

அதில் இரண்டு யோசனைகள் அபாரமானவை. ஒன்று, 'வியூ'. டேபிளின் சில வரிசை, சில பத்தியை மட்டும் எடுத்து ஒரு சாளரம் போல அமைத்து, அந்தச் சாளரத்துக்கு மட்டும் அனுமதி கொடுக்கலாம். அடியில் உள்ள டேபிளைத் தொட அவருக்கு உரிமை இராது. நம் பட்டறைக்காரருக்கு வேண்டியது இதுதானே? இரண்டாவது, திரும்பப் பெறுதல். நான் முருகனுக்கு அனுமதி கொடுக்கிறேன், பிறருக்குக் கொடுக்கும் உரிமையோடு. முருகன் கண்ணனுக்குக் கொடுக்கிறார். நான் முருகனிடமிருந்து திரும்பப் பெற்றால் கண்ணனுடையதும் போய்விட வேண்டும். கண்ணனுக்கு வேறொருவரும் தனியாகக் கொடுத்திருந்தால் அது மட்டும் நிற்க வேண்டும். நான் முருகனுக்குக் கொடுக்காமலே இருந்திருந்தால் நிலைமை எப்படி இருக்குமோ அப்படி ஆக வேண்டும். ஐம்பது வருடத்துக்கு முன் இவ்வளவு நுணுக்கமாக யோசித்திருக்கிறார்கள். இன்று வாட்ஸ்அப்பில் பறக்கும் லிங்க்குக்கு இதில் ஒரு பங்கு உண்டா?

அப்படியானால் அந்த அறிவு எங்கே போயிற்று? இணையம் வந்ததும் நிலைமை மாறியது. முன்பு டேட்டாபேஸுக்குள் கணக்கு வைத்திருந்தவர்கள் சில நூறு ஊழியர்கள். இணையத்தில் லட்சக்கணக்கானவர்கள் வந்தார்கள். ஒவ்வொருவருக்கும் டேட்டாபேஸில் கணக்குத் திறக்காமல், அப்ளிகேஷன் ஒரே யூசராக உள்ளே போய் எல்லோருக்காகவும் கேட்க ஆரம்பித்தது. யாருக்கு எது தெரியலாம் என்ற விதி டேட்டாபேஸிலிருந்து புரோகிராமரின் கோடுக்கு இடம் மாறியது. ஷீட்ஸ், ஏர்டேபிள் போன்ற கருவிகள் வந்தபோது கோடு எழுதுபவரே இல்லை; நாமே டேபிள் போட்டுக்கொள்கிறோம். விதி டேட்டாபேஸிலும் இல்லை, கோடிலும் இல்லை. இரண்டுக்கும் நடுவே தரையில் விழுந்துவிட்டது.

பிறகு டேட்டாபேஸ் உலகம் அதை மறுபடி எடுத்தது. ஆரக்கிள் 1999-இல் 8i பதிப்பில் வரிசையளவு கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தது. போஸ்ட்கிரஸ் 9.5 பதிப்பில், 2016 ஜனவரியில் கொண்டுவந்தது. எஸ்.கியூ.எல். சர்வரிலும் 2016 பதிப்பில் வந்தது. ஆள் யாரென்று பார்த்து அவருக்குரிய வரிசையை மட்டும் டேட்டாபேஸே கொடுக்கும்.

சாதாரண ஆள் பயன்படுத்தும் கருவியிலும் இது ஒரு தடவை வந்தது. கூகுள் ஃபியூஷன் டேபிள்ஸ் என்று ஒன்று 2009-இல் தொடங்கியது. அதில் ஒரு டேபிளின் சில பத்திகளை மட்டும் எடுத்துத் தனிக் காட்சியாக்கி, தனி ஆட்களுக்குத் தனி அனுமதியோடு பகிர முடிந்தது. 2019 டிசம்பர் 3-ஆம் தேதி கூகுள் அதை மூடிவிட்டது. ஏர்டேபிளும் பின்னாளில் டேபிளைக் காட்டாமல் 'இன்டர்ஃபேஸ்' என்ற முகப்பை மட்டும் காட்டவும், உள்ளே வந்தவரின் வரிசைகளை மட்டும் வடிகட்டவும் வழி செய்தது. வெளியாருக்கென்றே 'போர்ட்டல்' என்று தனி வசதியும் தருகிறது, தனிக் கட்டணத்தோடு. வழி இருக்கிறது, ஆனால் மேல் மாடியில் இருக்கிறது. சின்ன நிறுவனம் ஏறிப் போய் எடுக்கத் தயங்கும்.

பெரிய கிளவுட் கிடங்குகளில் நிலைமை இதைவிட மேல். ஸ்னோஃப்ளேக்கில் தரவைப் பிரதி எடுக்காமலேயே இன்னொரு நிறுவனத்துக்குக் காட்டலாம். பெறுபவருக்கு ஸ்னோஃப்ளேக் கணக்கு இல்லையென்றால், கொடுப்பவரே அவருக்கு ஒரு வாசகர் கணக்குத் திறந்து, அவர் ஓட்டும் ஒவ்வொரு கேள்விக்கும் கணினிச் செலவை ஏற்க வேண்டும். பிக்குவரியில் சேமிப்புச் செலவு வைத்திருப்பவருக்கு, கேள்விச் செலவு கேட்பவரின் பிராஜெக்டுக்கு. டேட்டாபிரிக்ஸ் என்ற நிறுவனம் 2021-இல் டெல்டா ஷேரிங் என்ற திறந்த நெறிமுறையை அறிவித்தது. இரு தரப்பும் ஒரே நிறுவனத்தின் மென்பொருளை வாங்க வேண்டும் என்ற கட்டாயத்தைத் தளர்த்துவதே அதன் நோக்கம். இந்தத் தட்டில் தொழில்நுட்பம் குறையில்லை. பில் யாருக்கு என்பதுதான் தகராறு.

சரி, தப்பாகப் பகிர்ந்தால் என்ன ஆகும்? ஊரறிந்த சம்பவங்கள் இருக்கின்றன.

2021-இல் அப்கார்டு என்ற பாதுகாப்பு நிறுவனம், மைக்ரோசாஃப்டின் பவர் ஆப்ஸ் என்ற கருவியில் கட்டிய இணைய போர்ட்டல்களில் தரவு திறந்து கிடப்பதைக் கண்டது. 47 அமைப்புகள், சுமார் 3 கோடியே 80 லட்சம் பதிவுகள். கொரோனா தொடர்பு விவரம், தடுப்பூசிப் பதிவு, வேலைக்கு விண்ணப்பித்தவர்களின் அடையாள எண் எல்லாம் அதில் இருந்தன. அமெரிக்க மாநில அரசுகளும் விமான நிறுவனமும் சிக்கின. மைக்ரோசாஃப்டின் சொந்தப் போர்ட்டல்களே சிக்கின. யாரும் எதையும் உடைத்து உள்ளே போகவில்லை. பட்டியலை வெளியே ஊட்டும் வசதியைத் திறந்தால் டேபிளுக்கான அனுமதியைத் தனியாகப் போய்ப் போட வேண்டும். போடாவிட்டால் எல்லோருக்கும் திறப்பு. அதுதான் இயல்புநிலையாக இருந்தது. பிறகு மைக்ரோசாஃப்ட் அந்த இயல்புநிலையை மாற்றியது. இத்தனை அமைப்புகளில் இத்தனை பேர் ஒரே தப்பைச் செய்தால் தப்பு ஆட்களிடம் இல்லை, பெட்டியின் வடிவத்தில் இருக்கிறது.

2023 ஆகஸ்டில் வட அயர்லாந்துக் காவல் துறை, தகவல் அறியும் மனு ஒன்றுக்குப் பதிலாக ஒரு எக்ஸெல் ஃபைலைக் கொடுத்தது. கேட்டது பதவிவாரியான எண்ணிக்கை. ஃபைலில் மறைந்திருந்த ஒரு தாவலில் பணியில் இருந்த 9,483 பேரின் குடும்பப் பெயர், முதலெழுத்து, பதவி, வேலை செய்யும் இடம் எல்லாம் இருந்தன. அது பொது இணையதளத்தில் ஏறிவிட்டது. போலீஸ்காரர் என்று தெரிந்தாலே உயிருக்கு ஆபத்துள்ள ஊர் அது. பிரிட்டனின் தகவல் ஆணையர் ஏழரை லட்சம் பவுண்டு அபராதம் போட்டார். மறைப்பது வேறு, எடுத்துவிடுவது வேறு என்பதற்கு இதைவிடக் கொடிய சான்று வேண்டியதில்லை.

பிரதி எடுத்துக் கொடுப்பதிலும் விபத்து உண்டு. 2020 செப்டம்பர் கடைசியிலும் அக்டோபர் தொடக்கத்திலும் இங்கிலாந்தில் 15,841 கொரோனாத் தொற்றுகள் தினசரிக் கணக்கில் விட்டுப்போயின. ஆய்வகங்கள் அனுப்பிய ஃபைல்களைப் பழைய எக்ஸ்.எல்.எஸ். வடிவில் வாங்கிச் சேர்த்தார்கள். அந்த வடிவம் 65,536 வரிசைக்கு மேல் கொள்ளாது. மீதி உதிர்ந்தது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை. தொற்றியவர்களோடு பழகியவர்களைத் தேடும் வேலை அதனால் நாள்கணக்கில் தள்ளிப்போனது.

நமக்கும் இப்போது சட்டம் இருக்கிறது. இந்தியாவின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023-இல் நிறைவேறியது, விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. சாயப்பட்டறை லாட்டில் தனிநபர் விவரம் அதிகம் இருக்காது. ஆனால் அதே நிறுவனத்தில் பையரின் ஆடிட்டர் வருவார். வருகைப் பதிவையும் சம்பளப் பட்டியலையும் கேட்பார். அதில் தொழிலாளியின் பெயர், போன் எண், வங்கிக் கணக்கு எல்லாம் இருக்கும். அவசரத்தில் ஷீட்டை அப்படியே பகிர்ந்துவிட்டு ஆடிட்டர் போன பிறகு எடுக்க மறந்தால், பொறுப்பு நம்முடையது. தகுந்த பாதுகாப்பு எடுக்கத் தவறினால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம் என்கிறது சட்டம்.

அப்படியானால் என்ன செய்வது? மென்பொருளை மாற்று என்று நான் சொல்லப்போவதில்லை. முதலில் ஒரு தாளை எடுங்கள். ஐந்து தலைப்பு போடுங்கள். யாருக்கு, எந்த வரிசை, எந்தப் பத்தி, பார்க்கவா திருத்தவா, எந்தத் தேதி வரை. மூன்று பட்டறைக்கும் ஆடிட்டருக்கும் பையருக்கும் இதை நிரப்புங்கள். பல நிறுவனங்களில் இந்தத் தாளே கிடையாது. என்ன வேண்டும் என்று முடிவு செய்யாமல் எது முடியும் என்று மென்பொருளிடம் கேட்கிறோம்; அது தன் வசதிக்குப் பதில் சொல்கிறது.

அடுத்து, டேபிளைப் பிரியுங்கள். ரேட்டும் பையர் பெயரும் ஒரு டேபிளில், சரக்குப் போக்குவரத்து வேறொரு டேபிளில், வேறொரு ஃபைலில். வெளியே போகும் டேபிளில் இருக்கக் கூடாதது ஏதும் பிறவியிலேயே இருக்க வேண்டாம். மறைத்து வைப்பதை நம்ப வேண்டாம். இணைப்பு உள்ளிருந்து வெளியே தள்ளுவதாக இருக்கட்டும். வெளியிலிருந்து உள்ளே கை நீட்டி இழுப்பதாக இருக்க வேண்டாம். இம்போர்ட்ரேஞ்சுக்குப் பதில், உங்கள் கணக்கில் ஓடும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் வேண்டிய மதிப்பை மட்டும் பட்டறையின் ஷீட்டில் எழுதட்டும், அவர் போட்ட தேதியைத் திரும்ப எடுத்து வரட்டும். லாட் எண்ணைப் பட்டறைக்கொரு தனித் தொடராகப் போடுங்கள். ஆர்டர் முடியும் தேதியையே அனுமதி முடியும் தேதியாகக் காலண்டரில் குறித்து வையுங்கள். தானாக முடியும் வசதி கருவியில் இல்லையென்றால் ஒரு ஆளுக்கு அந்த வேலையை ஒப்படையுங்கள்.

மூன்றாவது, வெளியாராக உள்ளே போய்ப் பாருங்கள். முதலாளி தன் கணக்கில் திறந்து பார்த்துவிட்டு எல்லாம் சரி என்பார். அவருக்கு எல்லாம் தெரியத்தான் செய்யும்! பட்டறைக்குக் கொடுத்த கணக்கில், வேறு போனில் திறக்க வேண்டும். பிரதி எடுக்க முடிகிறதா, தரவிறக்க முடிகிறதா, சூத்திரத்தை மாற்ற முடிகிறதா என்று கெட்ட எண்ணத்தோடு முயல வேண்டும்.

மாணவர்களுக்கும் இதையே சொல்வேன். போஸ்ட்கிரஸில் வரிசையளவு விதி எழுதினால், டேபிளின் உரிமையாளர் கணக்குக்கு அந்த விதி இயல்பாகப் பொருந்தாது. தனியே கட்டாயப்படுத்தினால்தான் பொருந்தும். உரிமையாளராகச் சோதித்தால் விதி இருக்கிறதா இல்லையா என்றே தெரியாது. வியூ போட்டால் அது வழக்கமாக உருவாக்கியவரின் உரிமையில்தான் ஓடும். பார்ப்பவரின் உரிமையில் ஓடவைக்கும் வசதி 2022-இல், 15-ஆம் பதிப்பில்தான் வந்தது. சூப்பாபேஸ் போன்ற கிளவுட் டேட்டாபேஸ் சேவைகளில் பொதுச் சாவி எல்லோருடைய பிரவுசரிலும் கிடக்கும். வரிசை விதி போடாத டேபிளை அந்தச் சாவியோடு யாரும் வாசித்துவிடலாம். ஏ.ஐ. எழுதிக் கொடுத்த ஆப் ஒரு மாலையில் ஓட ஆரம்பித்துவிடும். விதி போட்டதா என்று யார் பார்த்தார்கள்? முதலில் எல்லாவற்றையும் மூடிவிட்டு ஒவ்வொன்றாகத் திறக்கும் பழக்கத்தை இப்போதே பிடியுங்கள்.

கடைசியாக, மென்பொருள் செய்கிறவர்களிடமும் ஒரு வேண்டுகோள். வாரத்துக்கு இரண்டு கட்டம் நிரப்பும் வெளியாரிடம் முழு ஊழியர் கட்டணம் கேட்காதீர்கள். கேட்டால் லாகினைப் பொதுவாக்குவார்கள், உங்கள் பாதுகாப்பு ஏற்பாடு எல்லாம் வீண். பத்திக்கும் வரிசைக்கும் அனுமதி போடுவதை உயர் விலைத் திட்டத்தில் பூட்டி வைக்காதீர்கள். வெளியாரோடு அதிகம் புழங்குவது சின்ன நிறுவனம்தான். காசும் அங்கேதான் குறைவு. திரையைத் தமிழில், போனில் படிக்கிற மாதிரி கொடுங்கள்.

வாங்குகிறவர்களுக்கு ஒரு எளிய சோதனை தருகிறேன். அடுத்த தடவை விற்பனையாளர் லேப்டாப்பைத் திறந்து வண்ண வண்ண டாஷ்போர்டு காட்ட வந்தால் அதைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். ஒரே டேபிள், மூன்று பட்டறை, மூவரும் அவரவர் வரிசையை மட்டும் பார்த்து, மூன்று தேதிகளை மட்டும் திருத்த வேண்டும், மாதக் கடைசியில் அனுமதி தானாக முடிய வேண்டும், இதை என் கண் முன்னால் செய்து காட்டுங்கள் என்று கேளுங்கள். செய்து காட்டிவிட்டால் விலை பேசலாம். அடுத்த பதிப்பில் வரும் என்றால், அடுத்த பதிப்பு வந்த பிறகு வரச் சொல்லுங்கள்.